கேணல் எழுப்பும்வரை தூங்கு

சத்தியமாக நடந்தது. நான் வாயைத் திறந்தாலே பகிடி என்பவர்கள், இதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

1999 மார்ச். கண்டியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே எங்கள் கம்பியூட்டர் நிலையம். நான், திகன ஷிராஸ், மடுல்கெல்ல அம்புறோஸ். கதவில் வரவு பதிய, அட்டை தேய்க்கும் கருவி. அதற்குப் புரோகிராம் எழுதியவன் அம்புறோஸ். உள்ளே வரும்போது தேய்த்தால், நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு தூங்கும். போகும்போது தேய்த்தால் எழும்பி, இரண்டு நேரத்தையும் அச்சடிக்கும்.

கம்பியூட்டரின் கருவான கேர்னலில் தூக்கம் இரண்டு வகை. ஒன்றை யாரும் தட்டி எழுப்பலாம். மற்றது, காத்திருப்பது வந்தால்தான் எழும்பும். கொல்லச் சொன்னாலும் சாகாது. அம்புறோஸ் தவறுதலாக இரண்டாவதைப் போட்டுவிட்டான்.

திங்கள் மதியம் சாப்பிடப் பணிஸ் ரொட்டி வாங்கப் போனான், அட்டை தேய்க்காமல். இராணுவச் சோதனைச்சாவடியில் பிடித்துவிட்டார்கள். கையிலிருந்த புரோகிராம் கொப்பியில் தமிழில் எழுதியிருந்தான்: 'கேணல் எழுப்பும்வரை தூங்கு.'

கேணல் என்றால் படையில் கர்னல்; ஆமிக்காரர் காதில் அது புலிகளின் தளபதி. கேர்னலைக் கேணல் என்று எழுதியது அவன் பிழை. முன்பே பார்த்தும், சிரித்துவிட்டுத் திருத்தாமல் விட்டது என் பிழை.

"காலையில் எந்தக் கேணலைச் சந்தித்தாய்?" என்று விசாரணை. முகாமுக்குப் போய், காலை முழுக்க அவன் எங்களோடு இருந்தான் என்றோம். எடுபடவில்லை. அச்சடித்த பதிவு வேண்டுமாம். பதிவோ தூங்கும் புரோகிராமுக்குள். மெஷினை நிறுத்தினால் அழிந்துவிடும். அட்டை அவனிடம்.

செவ்வாய் காலை, அவன் உட்காரும் கதிரை மேசையடியிலிருந்து வெளியே இழுபட்டிருந்தது. உள்ளே தள்ளினேன். புதன்... மறுபடியும்.

"டேய் ஷிராஸ், பகிடியா?"

"அல்லாஹ் மேல ஆணை, நான் தொடல்ல. நீங்கதான் என்னப் பேக்காட்டுறீங்க!"

அவனை நான் சந்தேகித்தேன். என்னை அவன்.

வியாழன். வெளியே சுற்றிவளைப்பு. கீழ்க்கதவு பூட்டு. உள்ளே நாங்கள் இருவர் மட்டும்.

பிற்பகல் 3.05. திரையில் அதே தூக்கம்.

3.11. கிறீச்...

அவன் கதிரை. நாங்கள் இருவரும் எதிர்ச்சுவரோரம்.

"வரதண்ணே... நீங்களா?"

"நான் உனக்குப் பக்கத்திலதானேடா நிக்கிறன்..."

3.16. காலடி. கதவை நோக்கி.

3.17.

டிக்...

கருவியில் பச்சை விளக்கு.

கதவருகில் யாரும் இல்லை.

பிரிண்டர் கறகறத்தது.

'அம்புறோஸ். உள்ளே: திங்கள் மு.ப. 8.02. வெளியே: வியாழன் பி.ப. 3.17.'

எப்படியோ 8.02 கிடைத்துவிட்டதே! வெட்கமில்லாமல் சந்தோசப்பட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் மடுல்கெல்லவுக்கு ஓடி, அவன் தாய் அந்தோனியம்மாவிடம் தாளை நீட்டினேன்.

"புதன்கிழமையே அடக்கம் பண்ணிட்டோம் சார்," என்றார். "ஒடம்புக்கு முடியாமச் செத்துப்போயிட்டான்னு சொல்லி, ஆமிக்காரங்க பெட்டியக் குடுத்தாங்க."

அவர் தாளை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"வியாழக்கெழம மூணு பதினேழா... அதுவரைக்கும் எம்புள்ள ஒங்ககூடத்தான் இருந்தானா சார்?"