ஃப்ளெக்ஸுக்கு ஏற்ற கேட்ச்

எங்கள் ஊரில் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். புது லாரி வாங்கினாலும் வைப்பார்கள். எங்கள் ஃப்ரிஸ்பீ அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிப்பதற்கு முன்பே பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒன்று வைத்தது. அதில் ஏழு பேர். ஏழு பேரும் அந்தரத்தில், ஒற்றைக் கையில் ஃப்ரிஸ்பீ தட்டைப் பிடித்தபடி. மைதானத்தில் அதே ஏழு பேர் தட்டை எத்தனை முறை கீழே விடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தவன் நான்.

புதுக்கோட்டையில் ஒரு நாளிதழுக்குச் செய்தியாளனாக இருக்கிறேன். சர்க்கரைக்காக ஓடச் சொன்னார் மருத்துவர். தனியாக ஓடுவது அலுத்ததால் காலையில் இந்த அணியோடு சேர்ந்தேன். ஆட்டம் எளிது. பக்கத்துக்கு ஏழு பேர். நாலு ஆண், மூணு பெண். தட்டைக் கையில் வைத்திருப்பவர் ஓடக் கூடாது. எறிந்து கைமாற்றித்தான் எதிர் எல்லைக்குக் கொண்டுபோக வேண்டும். தரையில் விழுந்தால் தட்டு எதிரணிக்கு. ஆக, தோற்பதற்குத் தட்டைக் கீழே விட்டால் போதும். அந்தத் திறமை எங்களிடம் நிறைய இருந்தது. நானும் விட்டிருக்கிறேன்.

கேப்டன் பெங்களூரில் இந்த ஆட்டத்தைக் கற்றவர். இப்போது ஊருக்குத் திரும்பி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். மைதான ஓரம் ஒரு ஸ்டாண்டில் போனை நிறுத்திப் பயிற்சி முழுவதையும் படம் பிடிப்பார். தட்டு நெஞ்சுக்கு நேராக மெதுவாக வந்தாலும் நம்மவர்கள் வேலை மெனக்கெட்டு ஒரு பக்கம் விலகி, குதித்து, ஒற்றைக் கையை வீசுவார்கள். கை தட்டில் படும் முன்பே கண் போனுக்குப் போய்விடும். தட்டு விரலில் பட்டுத் தெறிக்கும். உடனே எல்லோரும் கைதட்டி, "பரவால்ல, பரவால்ல" என்பார்கள். விழுந்ததற்கு ஒரு நாள் காற்று காரணம், ஒரு நாள் வெயில், ஒரு நாள் தட்டு புதுசு. கேப்டன் கையுறை வாங்கிக் கொடுத்தார். கையுறையிலிருந்தும் விழுந்தது. பிறகு மன உறுதியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

இரண்டு வாரக் குறிப்புகளோடு அவரிடம் போனேன். விழுந்தவற்றில் பெரும்பாலானவை ஒற்றைக் கைக்காரர்களுடையவை.

"ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிரே நின்னு, ரெண்டு கையால அம்பது பிடிக்கட்டும். விழுந்தா மறுபடி ஒண்ணுலேருந்து" என்றேன்.

"அத யாரு சார் பாப்பாங்க?" என்றார்.

இரண்டு கையால் பிடித்தவர் அணியில் ஒருவர்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, வயிற்றுக்கு நேரே. தட்டு நடுவில் அடங்கும் வரை கண்ணை எடுக்க மாட்டார். அந்த இரண்டு வாரத்தில் அவர் விட்டது இரண்டே இரண்டு.

"என்ன தங்கச்சி, பந்தியில அப்பளம் வாங்குற மாதிரி பிடிக்கிற?" என்று கேப்டன் ஒரு நாள் கேட்டார்.

"அப்பளம் கீழ விழுகலையில்லண்ணே" என்றார் நர்ஸ்.

ஃப்ளெக்ஸுக்குப் படம் பொறுக்கியபோது, அவருடைய எல்லாப் படங்களிலும் கால் தரையில் இருந்தது. அதனால் அவரைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். தஞ்சாவூர்ப் போட்டி வந்ததும் ஃப்ளெக்ஸில் இருந்த ஏழு பேரே ஆடும் ஏழு பேர் ஆனார்கள்.

"ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சிய வெளிய ஒக்கார வைக்க முடியுமா சார்?" என்றார் கேப்டன்.

நர்ஸ் அவரை நேராகவே கேட்டார். "நான் எறங்குவேனா மாட்டேனா, இப்பவே சொல்லுங்கண்ணே. எனக்குப் பதிலா டூட்டி பாக்க ஆள் கெடைக்கிறதே கஷ்டம். ஒரு நாள்தான் கேக்க முடியும்."

"வா, பாப்போம்."

அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேனில் ஏறினார்.

தஞ்சாவூரில் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றோம். நர்ஸ் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல். இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் புள்ளியில், ஃப்ளெக்ஸில் இருந்த கல்லூரி மாணவிக்குக் குதித்து இறங்கிய வேகத்தில் கணுக்கால் பிசகியது. நர்ஸ்தான் கட்டுப் போட்டுவிட்டார். வேறு பெண் இல்லாததால் மூன்றாவது ஆட்டத்தில் அவரையே இறக்கினார்கள்.

பாதி ஆட்டம் வரை யாரும் அவருக்கு எறியவில்லை. சுற்றி ஆளில்லாத இடத்தில் நின்று, கையைத் தூக்கிக் காட்டியும் எறியவில்லை. பிறகு ஓரத்தில் மாட்டிக்கொண்ட கேப்டன் வேறு வழியின்றி எறிந்தார். மோசமான எறி, தட்டு முழங்காலுக்குக் கீழே வந்தது. நர்ஸ் மண்டியிட்டு இரண்டு கைக்கும் நடுவில் அதை அடைத்துப் பிடித்தார். அதன் பிறகு எங்கே எறிவதென்று பயந்தவர்கள் எல்லாம் அவரைத் தேடி எறிந்தார்கள். மொத்தம் ஒன்பது. ஒன்பதும் நின்றன. ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

"பாத்தீங்களா சார், தங்கச்சிய எப்பிடி எறக்கி விட்டேன்!" என்று கேப்டன் என் முதுகில் தட்டினார்.

ஜெயித்ததற்கு இன்னொரு ஃப்ளெக்ஸ். இம்முறை நர்ஸுக்கும் இடம் உண்டு என்றார்கள். அந்த மண்டியிட்ட கேட்ச் போனில் பதிவாகியிருந்தது. கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, "சாமி கும்பிடுற மாதிரி இருக்கு" என்று ஒதுக்கினார்.

"எனக்குப் படம் வேணாம்ணே. அடுத்த மாசம் கரூர்ப் போட்டில எறங்குவேனா, அத மட்டும் சொல்லுங்க" என்றார் நர்ஸ்.

"படம் இல்லாம எப்பிடி தங்கச்சி எறக்குறது?"

ஸ்டூடியோவுக்கு நானும் போயிருந்தேன். டூட்டி முடிந்த கையோடு வந்திருந்தார் நர்ஸ். பையைக் கீழே வைத்துவிட்டு வெறும் வலக்கையை மேலே தூக்கி நின்றார். தட்டைக் கொண்டுவர யாருக்கும் நினைவில்லை. கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம் என்றார் ஸ்டூடியோக்காரர். குதித்ததைப் போலவும் செய்துகொள்ளலாமாம்.

"அப்ப கரூர்ல எறங்குறேன்ல?" என்று கேட்டார் நர்ஸ், கையை இறக்காமல்.

"கண்டிப்பா. கைய இன்னுங் கொஞ்சம் தூக்கு தங்கச்சி."

படம் எடுத்து முடிந்ததும் அவர் கையை இறக்கினார். பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே நின்று, கரூர் தேதிக்குத் தனக்குப் பதிலாக டூட்டி பார்க்க முடியுமா என்று யாரையோ கேட்க ஆரம்பித்தார்.