திட்டுவதற்கு ஒரு போன் நம்பர்

எங்கள் பாஸ் எந்த மென்பொருளை வாங்கினாலும் அது என்ன செய்யும் என்று முதலில் கேட்கமாட்டார். பழுதானால் கூப்பிட்டுத் திட்ட ஒரு போன் நம்பர் இருக்கிறதா என்றுதான் கேட்பார். மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அவர் திட்டினால் கீழே சாப்பாட்டுக் கடை வரைக்கும் கேட்கும்.

குளுவாங்கில் ஒரு டயாலிசிஸ் சென்டருக்கு நாங்கள்தான் கணினி வேலை பார்க்கிறோம். நோயாளி வந்து அடையாள அட்டையை நீட்டியதும், சென்டரின் கணினி காப்பீட்டு நிறுவனத்தின் கணினியிடம் அனுமதி கேட்கும். அங்கிருந்து 'சரி' வந்த பிறகுதான் கட்டிலில் படுக்க வைப்பார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் கணினி பேசுவது ஒரு பழைய பாஷை. இன்றைக்கு அதைப் புதிதாகப் படிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. இரண்டையும் இணைத்துவைத்த எங்கள் சர்வரோ சாகக் கிடந்தது. புது சர்வரில் பழைய இணைப்பு ஓடாது.

எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, கோலாலம்பூர் கம்பெனி ஒன்று விற்கும் மென்பொருள், போன் நம்பரோடு. மற்றொன்று, ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஊருக்குப் பொதுவாக வைத்துவிட்ட நிரல்.

"ஓசியில கொடுக்கிறவன யாரும்மா திட்டுறது?" என்றார் பாஸ். பிறகு கொஞ்சம் இறங்கிவந்தார். "நீயே முடிவு பண்ணு. ஆனா ரெங்கத்துலருந்து வேன் புடிச்சு வர்ற ஒரு பேஷண்ட் வாசல்ல காத்துக் கிடந்தாலும், நீதான் போய்ப் பதில் சொல்லணும், ஆமா."

அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. காத்துக் கிடப்பவர்களுக்கு அது வெறும் தாமதமில்லை, உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். எனக்குச் சம்பளமே பல்லைப் பார்ப்பதற்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சோதித்தேன். ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு எங்களுக்கு வாரத்தின் முதல் வேலை நாள். முதலில் விலைக்கு வரும் மென்பொருள். அனுமதி கேட்டதும், 'உங்கள் செய்தி காலாவதியாகிவிட்டது' என்று பதில் வந்தது. அனுப்பி ஒரு நொடிகூட ஆகவில்லை! மீன்கூட அவ்வளவு சீக்கிரம் கெடாது. லைப்ரரியைப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் அதே பதில்.

அந்தப் புகழ்பெற்ற போன் நம்பரைக் கூப்பிட்டேன். அலுவலகம் விடுமுறை, திங்கட்கிழமை அழைக்கவும் என்றது பதிவுசெய்த குரல். ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் தூங்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஜொகூர்க்காரர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இப்படி முட்டிக்கொண்டிருப்போம்.

கோபத்தோடு லைப்ரரியின் பக்கத்துக்குப் போய், கேள்வி கேட்கும் இடத்தில் எழுதினேன். வணக்கமில்லை, தயவுசெய்து இல்லை. இது டயாலிசிஸ் சென்டருக்கு, விளையாட்டில்லை, ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டிருந்தேன். ஓசியில் வாங்கிக்கொண்டு அதட்டவும் செய்தேன். என் வாய் அப்படி.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது பதில் காத்திருந்தது. எழுதியவர் அந்த லைப்ரரியைக் கவனித்துக்கொள்பவர், ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊர். அவருக்கு அது விடிகாலை, அதுவும் விடுமுறை நாள். என் அதட்டலை அவர் கண்டுகொள்ளவே இல்லை. லைப்ரரி உங்களுக்கு எட்டு மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் முத்திரை குத்துகிறது, மறுமுனையில் இருக்கும் பழைய கணினி அதை மலேசிய நேரமென்று படிக்கிறது, அதனால் இப்போது அனுப்பியது எட்டு மணி நேரப் பழசாகத் தெரிகிறது என்று விளக்கி, மாற்ற வேண்டிய இடத்தையும் காட்டியிருந்தார். மாற்றினேன். 'சரி' வந்தது.

அதற்குக் கீழே அவர் இன்னொன்றும் எழுதியிருந்தார். நான் தனி ஆள், பகலில் வேறு வேலைக்குப் போகிறேன். நோயாளிகள் காத்திருக்கும் இடம் என்கிறீர்கள், என்னை நம்பி இருக்காதீர்கள். இந்த நிரலை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையான பகுதி சின்னதுதான், உட்கார்ந்து படித்துவிடுங்கள். நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

என்னை நம்பாதே என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் நம்பினேன். அவர் சொன்னபடியே ஒரு வாரம் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். பிறகு பாஸிடம் போய் லைப்ரரியே போதும் என்றேன்.

"திட்ட ஆள் இருக்கா?"

"இருக்காரு பாஸ். ஆனா திட்ட மனசு வரல."

புது சர்வர் ஓடத் தொடங்கிய அன்று விடியற்காலையிலேயே சென்டருக்குப் போய் முன்மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் வந்தவர் ரெங்கத்திலிருந்து வரும் ஒரு வயதான அங்கிள். அட்டையை நீட்டினார். திரையில் உடனே 'சரி'. அவர் பாட்டுக்கு, "ஏர்கோன் ரொம்ப கூலா இருக்கு, அலமாக், கொறைங்க லா," என்று தாதியிடம் சலித்துக்கொண்டே உள்ளே போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இந்த நேரக் குழப்பத்தை மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கலாம் என்று ஒரு குறிப்பு எழுதி அந்த மனிதருக்கு அனுப்பினேன். இந்த முறை வணக்கத்தோடும் நன்றியோடும். முதலில் உள்ளே போன அங்கிளைப் பற்றியும் இரண்டு வரி எழுதினேன். அவர் குறிப்பைச் சேர்த்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் இதை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார்?

அடுத்த முறை குளுவாங் போனபோது அங்கிளின் கட்டிலருகே போய், எப்படி இருக்கீங்க என்று கேட்டேன்.

"ஏன்மா, நீ டாக்டரா?"

"இல்ல அங்கிள். ஒருத்தர் கேட்டாரு."

"யாரு?"

"வெளிநாட்டுக்காரரு. எனக்கும் அவரைத் தெரியாது அங்கிள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குழாய் செருகிய கையை அசைக்க முடியாமல், மறு கையைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"நல்லா இருக்கேன்னு சொல்லு லா. அவரு நல்லா இருக்காரான்னும் கேளு."

அப்படியே எழுதி அனுப்பினேன்.