ஷிஃபானா திருப்பி வாங்கிய பெட்டிகள்

கிண்ணியாவில் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களுக்கு ஷிஃபானாவைத் தெரியாமல் இருக்காது. குஞ்சுகளுக்குச் சூடு தரும் பல்புகளைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகளை அவளே வீட்டில் செய்து கொடுத்தாள். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தாண்டும். அந்தக் கணத்தைப் பெட்டிக்குள் இருக்கும் மைக்ரோகொன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சில்லு பிசகாமல் பிடித்தால்தான் பல்பு துடிக்காமல் எரியும்.

அதற்கு ஒப்டோகப்ளர் என்றொரு சிறு பாகம் போடுவாள். மின்சாரத்தை அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, வெளிச்சத்தால் செய்தியை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புவது அது. 2022இல் இறக்குமதி நின்றபோது திருகோணமலை டவுன் முழுக்க அலைந்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்களை மட்டும் வைத்து மின்கம்பியை நேராக மைக்ரோகொன்ட்ரோலரோடு இணைத்தாள். வேலை செய்தது. பிளக்கில் வயர் மாறியிருந்தால் உள்ளே தொடுவதெல்லாம் கரண்ட்தான் என்பது அவளுக்குத் தெரியும். "மூடியைக் கழட்டாதீங்க" என்று சொல்லிப் பன்னிரண்டு பெட்டிகளைக் கொடுத்தாள். அதில் ஒன்று, அவள் ராத்தா என்று கூப்பிடும் அக்கா நபீஸாவின் கணவர் முனீபுக்கு.

முனீபின் கோழிக்கூட்டில் பிளக்கின் வயர் மாறித்தான் இருந்தது. ஒருநாள் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகும் பிளாஸ்டிக் குமிழ் உடைந்து விழ, குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்த ஈரக்கையால் உள்ளிருந்த இரும்புத் தண்டைப் பிடித்துத் திருகினார். சோற்றுக்குக் கூப்பிடப் போன நபீஸா கண்டது அவர் மௌத்தாகிக் கிடந்ததைத்தான்.

திடீர் மரண விசாரணைக்கு முன், வாப்பாவின் தம்பியான சாச்சா ஷிஃபானாவைத் தனியே கூப்பிட்டார்.

"பல்பு ஹோல்டரில கரண்ட் அடிச்சதெண்டு சொல்லுவம். நீ வாயத் திறக்காத."

"ஏலாது சாச்சா. இன்னும் பதினொரு வீட்டில அது கிடக்கு."

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னாள். வெளியே வந்ததும் நபீஸா கேட்டது ஒன்றுதான்.

"தெரிஞ்சுதானே குடுத்தாய்?"

"ஓம் ராத்தா."

அதன்பின் ஷிஃபானா வீடு வீடாகப் போனாள். பத்துப் பெட்டிகள் திரும்பி வந்தன. ஹிஸ்புல்லா மட்டும் மறுத்தார். "இதக் கழட்டினா என்ட குஞ்செல்லாம் செத்திரும்."

அவளே பிளக்கைப் பிடுங்கினாள். மூன்று நாள் அவருடைய கூட்டில் கரிச்சட்டி வைத்துச் சூடு காட்டினாள். அப்படியும் நாற்பது குஞ்சுகள் செத்தன. அவர் திட்டியதை நின்று கேட்டுவிட்டு, பெட்டியோடு நடந்தாள்.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ராத்தா வீட்டுக்குப் போனாள். நபீஸா கதவைத் திறந்து சாப்பாடு வைத்தாள். கூட உட்காராமல் உள்ளே போய்விட்டாள்.