என்ஜின் பேர்

சேந்தமங்கலத்துக்குத் தெற்கே, வெங்காயக் காடு காய்ந்து சுருள்வதைப் பார்த்துச் சௌந்திரம் எழுத்துகளைத் திட்டினாள்.

விவசாயிகள் சங்கத்திடம் தண்ணீர் இறைக்க இருந்தது ஒரே ஆயில் என்ஜின். கிணறு கிணறாகப் போகும். யாருக்கு முதலில் என்று இரண்டு மண்டை உடைந்த பிறகு, சேலத்திலிருந்து வந்த செயலாளர் தோமினிக் பெயர்களை அகரவரிசையில் கரும்பலகையில் எழுதினார். "எழுத்துக்குப் பங்காளியும் இல்லை, பகையாளியும் இல்லை." முதல் எழுத்து ஒன்றானால் இரண்டாவது எழுத்து தீர்மானிக்கும்.

காடு பொண்டாட்டி பேரிலோ ஆத்தா பேரிலோ இருப்பதாகச் சொல்ல யாருக்கு வலிக்கிறது? சுப்பையன், அங்காயி என்று பதிந்தான். தங்கசாமி, அத்தாயி. ஊர் இதற்கு 'என்ஜின் பேர்' என்று பேரிட்டது. மிஞ்சியவர்கள் பச்சமுத்துவும் சௌந்திரமும். அவள் வீட்டில் மாமியார் செல்லியம்மாள், புருஷன் சின்னுசாமி. எல்லாம் 'ச'.

"பேசாம அசௌந்திரம்னு வெச்சுக்க" என்றான் சின்னுசாமி.

அவள் நேரே பச்சமுத்து வீட்டுக்குப் போனாள்.

"ஏனுங்ணா, ஊட்டுல அருக்காணின்னு பொம்பளைய வெச்சுக்கிட்டு, பச்சமுத்துன்னு வாலுல நிக்கறீங்களே?"

"அட, ஆமா புள்ள!" பச்சமுத்து துண்டை உதறிக்கொண்டு ஓடினான்.

பேர் கொடுக்கும் கெடு முடிந்தது. பலகை முழுக்க 'அ'. கடைசியில் தனியாகச் சௌந்திரம். கூட்டம் சிரித்து ஓயும்வரை காத்திருந்து அவள் கேட்டாள்:

"சாருங்க, எழுத்துக்குப் பகையாளி இல்லீன்னீங்க. அப்புறம் 'அ'வுக்கு மட்டும் எதுக்குங்க எப்பவும் முதல் பந்தி? ஒருக்கா வாலுப்பக்கமிருந்து வந்தா எழுத்து கோவிச்சுக்குமுங்களா?"

தோமினிக் சாக்குக்கட்டியை உருட்டினார். நியாயம் போலத் தோன்றும் பேச்சுக்கு அவர் எளிதில் விழுகிறவர். "இந்த முறை கீழிருந்து" என்றார்.

பச்சமுத்து அவளைப் பார்த்தான். பழைய பேரோடு இருந்திருந்தால் இப்போது அவன்தான் முதல்.

"அடிப் பாவி!"

"அண்ணிக்குப் பேரு எடுத்துக் குடுத்தேனுங்ணா, அது தப்புங்களா?"

மறுநாள் என்ஜின் சௌந்திரத்தின் கிணற்றில் புகைவிட்டது. வெங்காயம் நிமிர்ந்தது.

அடுத்த போகத்துக்கு ஊரே வள்ளியும் வேலாயியுமாக வந்து நின்றது. தோமினிக் எந்தப் பக்கமிருந்து தொடங்குவாரோ என்று யாரும் அவரைப் பார்க்கவில்லை. சௌந்திரத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மடியிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, நிதானமாக உரித்துக்கொண்டிருந்தாள்.