'எடுக்காதே' என்று சேமித்த எண்

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஓவர்டைம் வேலை நின்றுபோனபின் என்னால் கார்த் தவணை கட்ட முடியவில்லை. வசூலிப்பவரின் எண்ணைக் கைப்பேசியில் 'எடுக்காதே' என்று சேமித்திருந்தேன். ஒருநாள் மழையில் நனைந்தபடி ஃபிளாட்டுக்கே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். வாசலில் சப்பாத்தைக் கழற்றியவர், கழுத்திலிருந்த அலுவலக அட்டையையும் கழற்றி அதற்குள் திணித்தார்.

"பக்கத்து வீட்டுக்கு எதுக்குக்கா தெரியணும்?" என்றார். "இன்னும் கேஸ் போடல. பேங்க் ரிக்கார்டுல பேர் கெட்டுட்டா, நாளைக்கு வீட்டு லோன்கூட கிடைக்காது. எங்க ஆபீஸ்ல பேசுங்க லா. மாசம் கொஞ்சமா கட்டுறேன்னு கேளுங்க."

அவர் எதிரிலேயே ஆபீஸுக்குப் போன் போட்டுப் பேசினேன். தவணையைக் குறைத்தார்கள்.

இப்போதும் தவணை நாளை ஞாபகப்படுத்த அழைக்கிறார். திரையில் 'எடுக்காதே' என்றுதான் வருகிறது. முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.