அண்ணி கேட்ட ஏலம்

மீனைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு ஏலம் கேட்ட ஒரே ஆள் என் அண்ணிதான். கருக்களாச்சேரிக் கரையில் மீன் கூடையைச் சுற்றிப் பெண்கள் எல்லாரும் குனிந்து நிற்க, அவர் மட்டும் விறைத்து நிமிர்ந்து நிற்பார். கண் அலையை விட்டு நகராது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

சுனாமி வந்த காலையில் என் அண்ணன் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். தண்ணீர் வந்ததை அவர் பார்க்கவேயில்லை என்று பிழைத்து வந்தவர் ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சு அண்ணியின் நெஞ்சில் தைத்துவிட்டது. சில மாதம் கழித்து மண்டபத்தூரிலிருந்து அவருடைய தம்பி வந்து, "எங்க வூட்டுக்கு வந்துடுக்கா, கடல் பக்கமே போவ வேணாம்" என்று கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் தம்பி வீட்டு மூலையில் ஒண்டிக் கிடக்க அண்ணிக்கு மனம் வரவில்லை. மீன் விற்கப் புறப்பட்டார். கல்லூரி விடுமுறையில் இருந்த நான் துணைக்குப் போனேன்.

மூன்றாம் நாளே மாட்டிக்கொண்டோம். ஏலம் போடுகிறவர், இவர் எங்கே பார்க்கப் போகிறார் என்று முந்தின நாள் மீனைத் தள்ளிவிட்டிருக்கிறார். அம்பகரத்தூரில் வாடிக்கைக்கார அம்மா ஒருவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெளுத்துப் போயி கெடக்கு. இன்னொரு வாட்டி இப்புடி கொண்டாந்தா இந்தத் தெருப்பக்கமே வராத" என்றார். எங்களிடம் வாங்குவதற்கு இருந்தது அந்த ஒரு தெருதான். அது போனால் மண்டபத்தூர்த் தம்பி வீடுதான்.

மறுநாள் கரையில் நான் ஒரு யோசனை சொன்னேன்.

"நான் கடலப் பாத்துக்கிறேன் அண்ணி. நீங்க மீனப் பாருங்க."

"நீ காலேஜுக்குப் போயிட்டா யாரு பாக்குறது? வேணாம். வந்தா வரட்டும்."

அண்ணிக்கு எப்போது பயம் போனது என்று இப்போதும் சிலர் என்னைக் கேட்கிறார்கள். போகவில்லை. இருபது வருடம் ஆகப்போகிறது, கரையில் கால் வைத்ததும் அவர் உள்ளங்கை வியர்த்துவிடும். பயம் தெளியட்டும் என்று காத்திருந்தால் தம்பி வீட்டில்தான் காலம் கழிந்திருக்கும். தைரியசாலிக்குப் பயமே இருக்காது என்று மேடையில் பேசுகிறவர்களை, ஒருநாள் அவர் கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அன்று அவர் கடலுக்கு முதுகைத் திருப்பினார். குனிந்து, கட்டைவிரலால் செவுளை விலக்கினார். பின்னால் ஓர் அலை பெரிதாக இரைந்து ஏறி வந்து குதிகாலை நனைத்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணி திரும்பவில்லை. அடுத்த மீனின் செவுளையும் விலக்கிப் பார்த்தார். பிறகு ஏலக்காரரை நேருக்கு நேர் பார்த்து, கரையே கேட்கும்படி சொன்னார்:

"இது நேத்து மீனுண்ணே. வேற கூடையக் கொண்டாங்க."