ஸ்டோர் கீப்பரின் 1,419ஆவது மெயில்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது என் அண்ணிக்கு நடந்தது. அவருக்குக் கதை கட்ட வராது. யாராவது புதிதாக முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றால், "நல்லாயில்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள்.

அண்ணி ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். அன்றைக்குப் பழைய மெயில்களைப் புது முறைக்கு மாற்றும் வேலை. பழைய முறையில் ஒருவருக்கு வந்த மெயில் மொத்தமும் ஒரே நீளமான ஃபைலாகக் கிடக்கும். கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால், மெயிலுக்கு ஒரு ஃபைலாகப் பிரித்துப் போட்டுவிடும். பழைய மெஷின் இருந்தது தரைக்குக் கீழே, ஸ்டோர் அறையில். இரும்புக் கதவு. உள்பக்கக் கைப்பிடி என்றைக்கோ கழன்று போயிருந்தது. சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நடுவில் புது மெயில் வந்து எண்ணிக்கை குழம்பக் கூடாதென்று நெட் கேபிளையும் பிடுங்கிவிட்டார்.

பிற்பகல் 2:40. இருபத்தாறு பேருடையது முடிந்தது. மிச்சம், முன்பு வேலை பார்த்த ஸ்டோர் கீப்பருடையது மட்டும். பழைய ஃபைலில் 1,418 மெயில். மாற்றிய பிறகு எண்ணினால்... 1,419.

அண்ணி அலட்டிக்கொள்ளவில்லை. மெயிலுக்குள் ஒரு வரி 'ஃப்ரம்' என்று ஆரம்பித்தால், அங்கே வேறு மெயில் தொடங்குகிறதென்று மெஷின் வெட்டிவிடுவது உண்டு. அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார்.

1,420.

கடைசி மெயிலைத் திறந்தார். தலைப்பு இல்லை. தேதி, அன்றைய தேதி. நேரம் 2:52. ஒரே வரி.

"கதவு திறக்கலை."

திரும்பிப் பார்ப்பதற்குள்... க்ரீச்... நாற்காலி நகர்ந்தது.

டம்.

ஓடிப்போய்க் கதவை இடித்தார். கத்தினார். போனில் சிக்னல் இல்லை. கை வீங்கும்வரை தட்டினார்.

3:04. பின்னால் டிக்... டிக்... கீபோர்டுச் சத்தம்.

திரையில் 1,421.

"தட்டாதீங்க. மேலே கேக்காது."

அண்ணி கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார்.

1,422.

"நான் மூணு நாள் தட்டினேன்."

விளக்கு அணைந்தது. அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டார்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை...

3:31க்குக் கதவு திறந்தது. வாட்ச்மேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அண்ணி அவர் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. எப்படித் தெரிந்ததென்று கேட்டதற்கு, வாசல் கேட்டில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு மெயில் வந்தது என்றார். யாரோ ஸ்டோர் கீப்பராம். சொல்லிவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேர் மாட்டிக்கிட்டோம்னு போட்டிருந்துச்சேம்மா. இன்னொருத்தர் எங்கே?"

மேனேஜர் பிறகுதான் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்பு, தொடர் விடுமுறைக்கு முந்தின சாயங்காலம், ஸ்டோர் கீப்பர் அதே அறையில் மாட்டிக்கொண்டார். நான்காம் நாள் திறந்தபோது கீபோர்டின் மேல் கவிழ்ந்து கிடந்தாராம். அந்த நாட்களில் நெட் வேலை செய்யவில்லை. அவர் எழுதிய நாற்பத்தொரு மெயிலில் ஒன்றுகூட வெளியே போகவில்லை.

நாற்பத்தொன்றும் வாசல் கேட்டில் இருக்கும் வாட்ச்மேனுக்கு எழுதியவை.